இரண்டு ரிப்போர்ட், ஒரே புண்ணாக்கு

விருதுநகர் பக்கத்து வியாபாரிகளுக்கு ஆய்வகங்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. புண்ணாக்கை உடைத்து, முகர்ந்து, ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்து விலை சொல்கிறவர்கள் அவர்கள். ‘புரதம் 45 சதவீதம்’ என்று அச்சடித்த தாளை நீட்டினால், "எந்த லேப்புல போட்டது?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். எண்ணெய்வித்தும் தானியமும் சோதிக்கிற வேலையில் வெகுகாலமாக இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

தெரிந்த அண்ணாச்சி ஒருவர் ஒருமுறை இரண்டு தாள்களோடு வந்தார். ஒரே லோடு கடலைப் புண்ணாக்கு, ஒரே நாளில் எடுத்த சாம்பிள். நாங்கள் கொடுத்த தாளில் புரதம் 45.0. வாங்குகிற தீவனக் கம்பெனி வேறொரு ஆய்வகத்தில் கொடுத்து வாங்கிய தாளில் 48.9. "தம்பி, நாலு பாயின்ட் எங்கே போச்சு? நான் 45-ன்னு பேசி வித்துட்டேன். 48-ன்னு தெரிஞ்சிருந்தா விலையே வேற" என்றார். கோபம் முழுக்க எங்கள் மேல்தான்.

அந்த 48.9 தாளின் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: உலர் எடை அடிப்படையில். புண்ணாக்கில் ஈரம் 8 சதவீதம். நாங்கள் வந்த சரக்கை வந்தபடியே கணக்கிட்டிருந்தோம். அவர்கள் ஈரத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தில் புரதம் எவ்வளவு என்று போட்டிருந்தார்கள். 45-ஐ 0.92 ஆல் வகுத்துப் பாருங்கள், 48.9 வரும். இரண்டு ஆய்வகமும் தசம சுத்தமாக ஒத்துப்போயிருக்கின்றன. அண்ணாச்சிக்கு அதை விளக்கி முடிப்பதற்குள் டீ இரண்டு தடவை வந்துவிட்டது.

இது சுலபமாகத் தீர்ந்த வழக்கு. தீராதவை நிறைய உண்டு. புரதம் என்று நாங்கள் எழுதுவது புரதத்தை நேரடியாக அளந்து அல்ல. 1883-இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் மதுபான ஆலையின் ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் கண்டுபிடித்த முறைப்படி, சரக்கைக் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து அதிலுள்ள நைட்ரஜனை அளக்கிறோம். அப்புறம் அதைப் புரதமாக மாற்ற ஒரு எண்ணால் பெருக்குகிறோம். தீவன வியாபாரத்தில் எல்லாவற்றுக்கும் 6.25. கோதுமைக்கு 5.7. நிலக்கடலையை உணவுப் பொருளாகக் கணக்கிடும்போது 5.46. நைட்ரஜன் 7.2 சதவீதம் உள்ள புண்ணாக்கை 6.25 ஆல் பெருக்கினால் 45.0, 5.46 ஆல் பெருக்கினால் 39.3. அளவீட்டில் ஒரு மில்லிகிராம் பிசகாமல் கிட்டத்தட்ட ஆறு பாயின்ட் வித்தியாசம்! கெல்டாலுக்குப் பதில் எரித்து அளக்கும் டூமா கருவி வைத்திருக்கிற ஆய்வகம் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், ஏனென்றால் கெல்டால் முறையில் சிக்காத நைட்ரேட் போன்றவையும் அதில் சேர்ந்துவிடும்.

எண்ணெயின் அமிலத்தன்மையிலும் இதே கதைதான். தேங்காய் எண்ணெயில் தனியாகப் பிரிந்து நிற்கிற கொழுப்பமிலத்தை லாரிக் அமிலமாகக் கணக்கிட்டு 1.0 சதவீதம் என்று ஒருவர் எழுதுவார். அதே எண்ணெயை ஒலீயிக் அமிலமாகக் கணக்கிட்டு 1.4 என்று இன்னொருவர் எழுதுவார். ப்யூரெட்டில் இறங்கிய காரம் இரண்டு பேருக்கும் ஒன்றே. காங்கேயம் பக்கத்து எண்ணெய்க்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். புதிதாக வாங்க வருகிறவர்களுக்குத் தெரியாது.

தாளில் நடக்கிற குழப்பத்தைப் பேசித் தீர்த்துவிடலாம். மேசை மேல் நடப்பதுதான் கஷ்டம். நிலக்கடலைப் பருப்பை அரைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கோதுமையை மில்லில் போட்டால் மாவாகும். கடலையில் பாதிக்குப் பாதி எண்ணெய், அதனால் கொஞ்சம் அசந்தால் விழுதாகிவிடும். மிக்ஸியை ஒரு சொடுக்கு ஓட்டி நிறுத்தி, ஓரத்தில் ஒட்டியதைக் கரண்டியால் வழித்து நடுவில் தள்ளி, மறுபடி ஒரு சொடுக்கு. ஜாரைத் தொட்டுப் பார்த்துச் சூடு ஏறியிருந்தால் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் சூட்டில் ஈரம் பறக்கும், எண்ணெய் கசிந்து ஜார் சுவரில் படியும், பிளேடுக்கு அடியில் ஒரு அடை உட்கார்ந்துகொள்ளும். அந்த அடையில் உள்ள எண்ணெய் சாம்பிளில் குறையும். பொறுமையில்லாத கைக்கும் பொறுமையான கைக்கும் எண்ணெய் அளவில் வித்தியாசம் வரும். எவ்வளவு விலையுயர்ந்த கருவியைப் பின்னால் வைத்தாலும் இங்கே போனது போனதுதான்.

அரைத்ததை எடைபோட்டுக் காகித உறையில் வைத்து, சாக்ஸ்லெட் கருவியில் மணிக்கணக்காகக் கரைப்பானால் கழுவுகிறோம். ஃப்ரான்ஸ் ஃபான் சாக்ஸ்லெட் 1879-இல் செய்த கண்ணாடிக் கருவி இது, பெரிய மாற்றமில்லாமல் இன்னும் ஓடுகிறது. முறைப்படி செய்தால், முதல் கழுவலுக்குப் பிறகு சக்கையை எடுத்து மறுபடி அரைத்து மறுபடி கழுவ வேண்டும். இரண்டாவது தடவை அரைக்கும்போது முதலில் உடையாமல் இருந்த செல்கள் உடைந்து இன்னும் கொஞ்சம் எண்ணெய் வரும். வேலை குவிந்திருக்கிற நாளில் இந்தப் படியைத் தாண்டிவிடுகிற ஆய்வகங்கள் இருக்கின்றன. தாளில் முறையின் பெயர் மட்டும் முழுதாக இருக்கும்.

ஈரப்பதத்துக்கு வந்தால் இன்னொரு சிக்கல். எண்ணெய்வித்தை 103 டிகிரி அடுப்பில் எடை மாறாமல் நிற்கும்வரை வைக்கிறோம். கோதுமை மாவை 130 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைக்கிறோம். போன எடையை ஈரம் என்கிறோம். போனது தண்ணீர் மட்டுமா, ஆவியாகிற வேறு எதுவுமா என்று அடுப்புக்குத் தெரியாது. ஆக, இந்தச் சூட்டில் இவ்வளவு நேரத்தில் போன எடை என்பதுதான் ஈரப்பதத்தின் வரையறையே. முறையை விட்டு விலகிய ஆய்வகம் வேறு ஏதோ ஒன்றை அளக்கிறது.

இதெல்லாம் புதிய கவலை இல்லை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பருத்திவிதை எண்ணெயும் புண்ணாக்கும் பெரிய வியாபாரமாக வளர்ந்தபோது, விற்பவரின் வேதியியலாளர் ஒன்று சொல்ல, வாங்குபவரின் வேதியியலாளர் வேறொன்று சொல்ல, ஒப்பந்தங்கள் சண்டையில் முடிந்தன. 1909 மே மாதம் மெம்ஃபிஸ் நகரத்தில் பருத்திவிதைப் பொருள் ஆய்வாளர்கள் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதுதான் 1920-இல் அமெரிக்க எண்ணெய் வேதியியலாளர் சங்கமாக, ஏ.ஓ.சி.எஸ். ஆக, மாறியது. எல்லோரும் ஒரே முறையில் சோதிக்க வேண்டும் என்பது அவர்களுடைய முதல் கவலை. ஒரே முறையைக் கையில் கொடுத்தும் விடை ஒன்றாக வரவில்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. 1915-இல் ஸ்மாலி என்ற வேதியியலாளரின் முயற்சியில், நன்றாகக் கலந்த பருத்திவிதைப் புண்ணாக்குத் தூளை ஒரே மாதிரிப் பொட்டலங்களாகக் கட்டிப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி, விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த ஏற்பாடு ஸ்மாலியின் பெயரிலேயே பல காலம் நடந்தது. இன்றைக்கும் வேறு பெயரில் நடக்கிறது. எனக்கு இதில் பிடித்த விஷயம், இதைத் தொடங்கியது அரசாங்கமோ பல்கலைக்கழகமோ இல்லை என்பதுதான். தினமும் புண்ணாக்கு அரைத்துக் கையில் எண்ணெய் நாற்றம் ஏறிய ஆட்களே தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டார்கள்.

நம் ஊர் ஆய்வகங்களில் இதைப் பி.டி. ரவுண்டு, அதாவது திறன் சோதனைச் சுற்று, என்பார்கள். ஆய்வகங்களுக்குத் தரச்சான்று தருகிற என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் வேண்டுமென்றால் இதில் கலந்துகொண்டே ஆக வேண்டும். முத்திரையிட்ட உறை ஒன்று வரும். குறித்த தேதிக்குள் விடையை அனுப்ப வேண்டும். பிறகு ஒரு அறிக்கை வரும். அதில் ஆய்வகங்களுக்குப் பெயர் இருக்காது, எண் மட்டும். நம் எண்ணுக்கு எதிரே ஒரு இஸட் மதிப்பெண் இருக்கும். ஏற்றுக்கொண்ட விடையிலிருந்து நாம் எவ்வளவு தள்ளியிருக்கிறோமோ அதை, அனுமதிக்கப்பட்ட சிதறலால் வகுத்தால் வருவது அது. கூட்டலோ கழித்தலோ, 2-க்குள் இருந்தால் சரி. 2-க்கும் 3-க்கும் நடுவில் என்றால் யோசிக்க வேண்டும். 3-ஐத் தொட்டால் காரணம் கண்டுபிடித்து எழுத வேண்டும்.

பி.டி. சாம்பிள் வந்தால் பல ஆய்வகங்களில் வீட்டுக்குப் புது மாப்பிள்ளை வந்த மாதிரி கவனிப்பு நடக்கும். மூத்த ஆள் மட்டும் தொடுவார். தராசை அன்றைக்குக் காலையில் சரிபார்ப்பார்கள். இரண்டு தடவை செய்ய வேண்டியதை ஆறு தடவை செய்து சராசரி எடுப்பார்கள். இன்னும் துணிந்தவர்கள் தெரிந்த ஆய்வகத்துக்குப் போன் போட்டு "உங்களுக்கு எவ்வளவு வந்தது?" என்று கேட்பார்கள். ரவுண்டு நடத்துகிறவர்களுக்கான சர்வதேசத் தரமே இந்தக் கூட்டுச் சேர்தலைத் தடுக்க வழி செய்யச் சொல்கிறது என்றால், இது எவ்வளவு பரவலான வியாதி என்று பார்த்துக்கொள்ளுங்கள். இப்படி வாங்கிய 0.1 எதற்கு உதவும்? அண்ணாச்சியின் புண்ணாக்கு செவ்வாய்க்கிழமை மதியம், மின்சாரம் போய் வந்த நேரத்தில், புதிதாகச் சேர்ந்த பெண் கையில் சோதிக்கப்படுகிறது. பி.டி. சாம்பிளும் அப்படித்தான் போக வேண்டும். பதிவேட்டில் சாதாரண எண் போட்டு, மற்ற பொட்டலங்களோடு கலந்து, அன்றைய ஷிஃப்டில் யார் இருக்கிறாரோ அவரிடம் கொடுத்துவிட வேண்டும். மதிப்பெண் மோசமாக வந்தாலும் அதுதான் உண்மையான மதிப்பெண்.

இந்த அறிக்கையைப் படிப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு ஆய்வகத்துக்குப் புரதத்தில் 0.9, 1.1, 0.8, 1.2 என்று வரிசையாகக் கூட்டல் பக்கமே மதிப்பெண் வருகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு ரவுண்டிலும் ‘திருப்தி’ என்றுதான் அச்சாகும், ஆடிட்டரும் டிக் அடித்துவிட்டுப் போவார். ஆனால் அந்த ஆய்வகம் எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கிறது. சிதறல் 0.4 என்றால், அவர்கள் கொடுக்கிற ஒவ்வொரு தாளிலும் சுமார் 0.4 சதவீதப் புரதம் கூடுதலாக இருக்கிறது. புரதம் குறைந்தால் விலையில் பிடித்தம் என்று ஒப்பந்தம் போடுகிற வியாபாரத்தில், வருடம் முழுக்க அந்தப் பணம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு தடவை 2.4 வாங்கிவிட்டுக் காரணத்தைக் கண்டுபிடித்த ஆய்வகத்தை, தொடர்ந்து ஒரு பக்கமே 1 வாங்குகிற ஆய்வகத்தை விட நான் அதிகம் நம்புவேன்.

‘ஏற்றுக்கொண்ட விடை’ எங்கிருந்து வருகிறது என்றும் கேட்க வேண்டும். பெரும்பாலான ரவுண்டுகளில் அது கலந்துகொண்ட ஆய்வகங்களின் பொதுவான விடைதான். முக்கால்வாசிப் பேர் சக்கையை இரண்டாவது தடவை அரைக்காமல் விட்டால், ஒழுங்காக அரைத்த ஆய்வகத்துக்குத்தான் மதிப்பெண் எகிறும். எல்லோரும் ஒத்துப்போவது வேறு, எல்லோரும் சரியாக இருப்பது வேறு. 2007-இல் சீனாவிலிருந்து வட அமெரிக்காவுக்குப் போன கோதுமைப் புரதத்தில் பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் மெலமைன் கலந்திருந்தது, அதைத் தின்ற நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். அதை 1 சதவீதம் கலந்தால் கெல்டால் கணக்கில் புரதம் கிட்டத்தட்ட 4 பாயின்ட் ஏறிவிடும். அந்த மாவை உலகத்தின் எந்த நல்ல ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தாலும், நைட்ரஜனை அளந்து பெருக்குகிற வரை எல்லோரும் அழகாக ஒத்துப்போயிருப்பார்கள்.

இப்போது அஃப்ளாடாக்சின், பூஞ்சை உண்டாக்குகிற நஞ்சு. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்ததும், காரணம் பிரேசிலிலிருந்து வந்த பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு என்று தெரிந்ததும் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. பதப்படுத்தப் போகும் நிலக்கடலைக்கு இந்தியாவில் வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். அதாவது நூறு கோடியில் 15 பங்கு. ஐரோப்பாவில் நேரடியாகச் சாப்பிடப் போகும் கடலைக்கு 4.

இவ்வளவு சின்ன அளவுகளில் ஆய்வகங்கள் எவ்வளவு ஒத்துப்போகும்? அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் இருந்த வில்லியம் ஹார்விட்ஸ், ஆய்வகங்கள் சேர்ந்து செய்த பழைய சோதனைகளையெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு 1980-இல் ஒரு விஷயம் சொன்னார். தேடுகிற பொருள் நூறு மடங்கு குறையும் ஒவ்வொரு தடவையும் ஆய்வகங்களுக்கு இடையிலான சிதறல் இரட்டிப்பாகிறது. பொருள் என்ன, கருவி என்ன என்பதெல்லாம் அதில் பெரிதாக மாற்றவில்லை. பிறகு வந்த திருத்தத்தின்படி, அஃப்ளாடாக்சின் அளவுகளில் சிதறலை 22 சதவீதம் என்று பல ரவுண்டுகளில் எடுத்துக்கொள்கிறார்கள். சரி, கணக்குப் போடுவோம். உண்மையான அளவு 15 உள்ள தூள். 22 சதவீதம் என்றால் 3.3. ஒரு ஆய்வகம் 12 என்கிறது, மதிப்பெண் கழித்தல் 0.9. இன்னொன்று 18 என்கிறது, கூட்டல் 0.9. இரண்டும் நல்ல ஆய்வகங்கள், இரண்டுக்கும் ‘திருப்தி’. ஒரு தாளைக் காட்டினால் சரக்கு பாஸ், இன்னொரு தாளைக் காட்டினால் ஃபெயில்.

இதுவும் நன்றாக அரைத்துக் கலந்த தூளில். மூட்டைக்கு வந்தால் நிலைமை வேறு. பூஞ்சை எல்லாப் பருப்பிலும் சமமாகப் பிடிப்பதில்லை. ஆயிரக்கணக்கில் நல்ல பருப்புகளுக்கு நடுவே ஒன்று கெட்டிருக்கும், அந்த ஒன்றில் நஞ்சு ஏராளமாக இருக்கும். ஒரே பருப்பில் கிலோவுக்குப் பத்து லட்சம் மைக்ரோகிராம் என்ற கணக்குக்கு மேல் அளந்திருக்கிறார்கள். அரை கிராம் பருப்பு என்றால் அதில் 500 மைக்ரோகிராம் நஞ்சு. அந்த ஒரே பருப்பு 20 கிலோ சாம்பிளில், அதாவது சுமார் 40,000 நல்ல பருப்புகளுக்கு நடுவில் கிடந்தால், மொத்தமும் கிலோவுக்கு 25 மைக்ரோகிராம் ஆகிவிடும். வரம்பு 15.

அதே சரக்கிலிருந்து ஒருவர் பிளாஸ்டிக் பையில் அரைக் கிலோ கொண்டுவந்து தருகிறார். ஆயிரம் பருப்பு. நாற்பதாயிரத்தில் ஒன்று கெட்டது என்றால், அந்த ஒன்று இந்தப் பையில் இல்லாமல் போக 40-க்கு 39 வாய்ப்பு. நாங்கள் எவ்வளவு துல்லியமாகச் செய்தாலும் ‘கண்டறியப்படவில்லை’ என்றுதான் தாள் போகும். நாற்பதாவது ஆளின் பையில் அது இருந்துவிட்டால் 1000 என்று வரும், அவர் எங்களைத் திட்டுவார். ஐரோப்பிய விதிகள் பெரிய லாட் ஒன்றில் 100 இடங்களில் எடுத்து 20 கிலோ சேர்க்கச் சொல்வது இதனால்தான். இங்கே லாரியின் பின்கதவைத் திறந்தால் கைக்கு எட்டுகிற நாலு மூட்டையில் குத்தூசியைச் செருகி எடுப்பதோடு பல நேரம் முடிந்துவிடுகிறது. குத்தூசி பிடிக்கிறவர் லோடுமேன். இந்தச் சங்கிலியிலேயே மிகக் குறைந்த கூலி வாங்குகிறவர், அவருக்கு யாரும் இதைச் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. மிகப் பெரிய பிழை அவர் கையில் நடக்கிறது. அந்தப் பிழையைப் பி.டி. ரவுண்டு பார்ப்பதே இல்லை, ஏனென்றால் அங்கே எல்லோருக்கும் வருவது அரைத்துக் கலந்த தூள்.

அதற்காக ரவுண்டே வீண் என்று சொல்ல வரவில்லை. ஆய்வகத்தின் வாசலுக்குள் நடப்பதை அளக்க இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. ஆய்வகமே இல்லாத இடங்களுக்கும் இது போக வேண்டும் என்பது என் ஆசை. நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரம்தான் வரம்பு. 2023 பிப்ரவரியில் டெல்டாவில் அறுவடை நேரத்தில் மழை கொட்டியபோது அதை 20 வரை தளர்த்தினார்கள். அங்கே இருப்பது கையடக்க மீட்டர். நெல்லின் மின்தன்மையை வைத்து ஈரத்தைச் சொல்கிறது. நெல் சூடாக இருந்தால் ஒன்று, மேலே மட்டும் பனியில் நனைந்திருந்தால் ஒன்று என்று காட்டும். 19-க்கும் 17-க்கும் நடுவே குவிண்டாலுக்கு 2.4 கிலோ எடைதான் வித்தியாசம். ஆனால் விவசாயிக்கு அது இன்னும் இரண்டு நாள் களத்தில் காவல் கிடப்பதா வேண்டாமா என்கிற வித்தியாசம். அடுப்பில் சோதித்து ஈரம் தெரிந்த நெல்லை முத்திரையிட்டு, பக்கத்துப் பக்கத்து நிலையங்களுக்கு அனுப்பி, மீட்டர்கள் என்ன சொல்கின்றன என்று சுவரில் எழுதிப் போட்டால் பாதிச் சண்டை தீரும். செலவு என்று பார்த்தால் கூரியர் கட்டணம்தான்.

அண்ணாச்சிகள் கேட்டால் நான் சொல்வது இதுதான். தாளை வாங்கும்போது எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், உலர் எடையா வந்தபடியா, எதால் பெருக்கினார்கள் என்று கேளுங்கள். கடைசி சில ரவுண்டுகளின் மதிப்பெண்ணைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல ஆய்வகம் தயங்காமல் காட்டும். ஒன்றே ஒன்றைக் காட்டினால் மற்றவற்றையும் கேளுங்கள். லண்டனை மையமாகக் கொண்ட எண்ணெய், எண்ணெய்வித்து வியாபாரச் சங்கமான ஃபாஸ்ஃபா தன் உறுப்பினர் ஆய்வகங்கள் இந்தச் சோதனைகளில் கலந்துகொள்ள வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. ஒப்பந்தம் எழுதும்போது நீங்களும் அதை ஒரு வரியாகச் சேர்க்கலாம். சாம்பிளை, சரக்கை லாரியில் ஏற்றும்போது மூட்டை நகர நகர எடுங்கள், ஏற்றி முடித்த பிறகு எடுக்காதீர்கள். எடுத்ததைக் கலந்து மூன்று பாக்கெட்டாகப் பிரித்து இரண்டு தரப்பும் முத்திரை வைக்க வேண்டும். ஒன்று உங்களுக்கு, ஒன்று வாங்குபவருக்கு, மூன்றாவது சண்டை வந்தால் பொதுவான ஆய்வகத்துக்கு. அந்த மூன்றாவது பாக்கெட்டை மண்டியில் எலிக்குக் கொடுக்காமல் காப்பாற்ற மூடி இறுக்கமான ஒரு தகர டப்பாவும் வாங்கிவிடுங்கள்.